வண்டி எடை கழித்து

முதல் கடிதம் முந்நூறு வார்த்தை.
"இம்மின்னஞ்சல் தங்களை நலமுடன் காணட்டும்"
என்று தொடங்கியிருந்தேன்.
கோலாலம்பூரில் பதினாறாம் மாடி, குளிர்சாதனம்.
நலமாகத்தான் இருப்பார் புவான் ரொஹாயு.
நலமில்லாதது என் எடைமேடை.

பஹாவ் பட்டணத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்,
செம்பனை ஆலை வாசலில் தகரக் கூரை அறை.
ஒரு கணினி, ஒரு காற்றாடி,
சீட்டு அடிக்கும் பிரிண்டர்,
அதன் தலையில் யாரோ மறந்துபோன மைலோ டின்.
நாளுக்கு எண்பது லாரி.
குலையோடு வரும்போது ஒரு எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை,
கழித்தால் மிஞ்சுவதுதான் சரக்கு.
பதினோரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

மழை பெய்தால் மேடைக்கடியில் தண்ணீர் நிற்கிறது.
தண்ணீர் நின்றால்
ஏற்றிய லாரிக்கு அறுபது கிலோ குறைகிறது.
காலி லாரிக்குச் சரியாகக் காட்டுகிறது,
நல்ல பிள்ளை மாதிரி.

இந்த ஐந்து வரியை எட்டுவதற்கு
முதல் கடிதத்தில் நான்கு பத்தி நடந்திருந்தேன்.
வழியெல்லாம் "மேற்கண்ட விஷயம் தொடர்பாக",
"தாழ்மையுடன்" மட்டும் மூன்று இடத்தில்.
கடைசியில் "ஆவன செய்யவும்".
ஆவன என்றால் எவை?
அவருக்கும் விளங்கவில்லை போலும்.
பதில் இல்லை.

இரண்டாவது கடிதத்தில் முழுக்கக் கோபம்.
அது வரைவுப் பெட்டியிலேயே கிடக்கிறது,
மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
சில ராத்திரி திறந்து படித்துக்கொள்வேன்.

அப்புறம் லிங்கப்பன் வந்தார்,
எட்டு ஏக்கர்க்காரர், சத்தம் போடத் தெரியாதவர்.
பழைய இரும்புக் கடை மேடையில்
அதே லாரியை நிறுத்தி வாங்கிய சீட்டை
என் சீட்டின் பக்கத்தில் வைத்தார்.
"அறுபது கிலோ, தங்கச்சி.
நாப்பத்தெட்டு வெள்ளி.
ஒரு நடைக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.
பொருள் வரி, விவரம், ஆதாரம்,
எல்லாம் அதிலேயே இருந்தது.

அன்று சாயந்திரம் கடைசி லாரி போனதும்
என் கடிதத்தையே மேடையில் ஏற்றினேன்.
நலம் விசாரிப்பை இறக்கினேன்.
தாழ்மையை இறக்கினேன், மூன்றையும்.
"குறைபாடு ஏற்பட்டுள்ளதாக அறியப்படுகிறது":
யார் அறிந்தது? நான்.
நான் என்று எழுதினேன்.
இவ்வளவுதான் நின்றது:

*பொருள்: மழையில் எடைமேடை 60 கிலோ குறைத்துக் காட்டுகிறது
இம்மாதம் பதினோரு மழை நாள்.
இரண்டு சீட்டையும் இணைத்திருக்கிறேன்.
வியாழனுக்குள் ஆள் அனுப்ப முடியுமா?
இதுவரை குறைந்த பணத்தை யார் கொடுப்பது?
நன்றி.
கமலவேணி த/பெ முனியாண்டி, எடைமேடை*

தோளுக்குப் பின்னால் நின்று படித்த தேவசகாயம்
கடைசிக் கேள்வியில் விரல் வைத்தார்.
"இத எடுத்துடு. அது கணக்குப் பிரிவு வேல.
மெயில் சுருக்கமா இருக்கணும்னு நீதானே சொன்ன?"
உண்மைதான். யோசித்துப் பார்த்தேன்.
வண்டியைக் கழிக்கலாம்.
குலையைக் கழித்தால் எதற்கு எடைமேடை?
அனுப்பு என்பதை அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் தெரிந்தது,
சீட்டை இணைக்கவே இல்லை.
மறுபடி ஒன்று அனுப்பினேன்:
"மறந்துவிட்டேன். இதோ."
காது மட்டும் கொஞ்ச நேரம் சுட்டது.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பதில்:
"கவனிக்கப்பட்டது. வியாழன் காலை ஆள் வருவார்."
வந்தார். தண்ணீரை இறைத்தார்,
துருப்பிடித்த ஒன்றைக் கழற்றி
புதியதைப் பூட்டினார்.
என் கடிதத்தை அச்செடுத்து நான்காக மடித்து
சட்டைப் பையில் வைத்திருந்தார்.
60 என்ற எண்ணின் கீழே பேனாக்கோடு.
கடைசிக் கேள்வியின் கீழே
ஒன்றும் இல்லை.

லிங்கப்பனுக்கு இன்று எடை சரி.
சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பழைய பாக்கியைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பதிலளி என்பதைத் திறந்தேன்.
பழைய பொருள் வரியை அழித்தேன்.

*பொருள்: முப்பத்திரண்டு பேருக்குத் தர வேண்டிய பாக்கி*

வெளியே ஹாரன்.
கையைக் காட்டினேன்,
ஒரு நிமிடம்.